சுவர் நீரூற்றும் அதன் பின்னால் இருக்கும் நீர்வழியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்டச் சுவரில் ஒரு சின்ன வாய், அதிலிருந்து விழும் தண்ணீர், கீழே ஒரு தொட்டி. இப்படி ஒன்றை வைக்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பாதி வரலாறு, பாதி வேலை. இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. பழைய நகரங்களுக்குத் தண்ணீர் எப்படி வந்து சேர்ந்தது என்று தெரிந்துகொண்டால், கடையில் பம்ப் வாங்கும்போது வரும் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

சுவர் நீரூற்று என்று எதைச் சொல்கிறோம்?

தண்ணீர் வெளிவரும் வாய் சுவரில் இருக்க வேண்டும், அது விழும் தொட்டி சுவரை ஒட்டியோ சுவரிலேயோ இருக்க வேண்டும். அவ்வளவுதான். நடுவில் நின்று நான்கு பக்கமும் பீய்ச்சும் ஊற்று வேறு வகை. சுவர் ஊற்றுக்கு முன்பக்கம் மட்டும்தான் உண்டு. அதனால் இடம் குறைவாகப் பிடிக்கும், குழாயைப் பின்னால் மறைத்துவிடலாம்.

இதைச் சுவரில் வைக்கலாம் என்று யாருக்கு முதலில் தோன்றியது?

ஒரு தனி மனிதரைக் காட்ட முடியாது. மலைச்சரிவில் கசியும் ஊற்றை நினைத்துப் பாருங்கள். மண் சரியாமல் இருக்க அங்கே ஒரு கல்சுவர் எழுப்புவார்கள். தண்ணீர் வெளியே வர அதில் ஒரு துளை விடுவார்கள். குடம் வைக்க வசதியாகக் கீழே ஒரு கல்தொட்டி. சுவர் ஊற்று பிறந்தாயிற்று. அலங்காரம் எல்லாம் அதற்கு அப்புறம் வந்தது.

கிரேக்கர்கள் இதையே கூரை போட்ட கட்டடமாக வளர்த்தார்கள். கொரிந்து நகரின் பெய்ரீனி ஊற்று அப்படிப்பட்டது. பாறைக்குள் குடைந்த சுரங்க வழிகளிலிருந்து தண்ணீர் முகப்புக்கு வந்தது. ஏதென்ஸில் கி.மு. 6-ஆம் நூற்றாண்டில், பெய்சிஸ்ட்ராட்டஸ் குடும்பத்தின் ஆட்சிக் காலத்தில் கட்டிய ஓர் ஊற்று மண்டபத்துக்கு ‘ஒன்பது வாய்’ என்றே பெயர். அந்தக் காலத்து மண்குடங்களில் கறுப்பு உருவங்களாகத் தீட்டிய காட்சிகளைப் பார்த்தால், பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள், சுவரில் சிங்க முகம், அதன் வாயிலிருந்து நேராகக் குடத்துக்குள் தண்ணீர் விழுகிறது. தண்ணீர் பிடிக்கும் குடத்தின் மேலேயே தண்ணீர் பிடிக்கும் காட்சி. வெறுங்குடம் தலையில் படுத்தபடி போகும், நிறைகுடம் நிமிர்ந்தபடி திரும்பும். அதைக்கூட விடாமல் வரைந்திருக்கிறார்கள்.

மோட்டார் இல்லாத காலத்தில் தண்ணீரை எப்படி ஓட வைத்தார்கள்?

உயரத்தால். வேறு ரகசியம் இல்லை. ஊற்று நகரத்தைவிட மேட்டில் இருந்தால் போதும், வாட்டம் பார்த்து வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் தானாக வந்து சேரும். கஷ்டமெல்லாம் அந்த ‘வாட்டம் பார்ப்பதில்’ இருக்கிறது. அதிகம் சரித்தால் வேகம் கூடி வாய்க்காலை அரிக்கும், நகரத்தை எட்டும்போது உயரமும் மிச்சம் இருக்காது. குறைவாகச் சரித்தால் தேங்கும்.

பிரான்சின் தெற்கில் இருக்கும் நீம் நகரத்துக்கு ரோமர்கள் கட்டிய நீர்வழியை எடுத்துக்கொள்வோம். நீளம் சுமார் 50 கி.மீ. அவ்வளவு தூரத்துக்கும் சேர்த்து மொத்த இறக்கம் 12.6 மீட்டர்தான். கணக்குப் போட்டால் சராசரியாக 100 மீட்டருக்கு ஓர் அங்குலம் வருகிறது. இன்று ரசமட்டம் வைத்துத் தரை போடும்போதே அந்தத் துல்லியம் தவறிவிடுகிறது. அவர்களிடம் இருந்தது ‘கோரோபேட்டிஸ்’ என்ற ஒரு நீண்ட மரப்பலகை, சுமார் 6 மீட்டர். இரு முனையிலும் தூக்குக்குண்டுகள் தொங்கும். காற்று அடித்துக் குண்டு ஆடினால், பலகையின் மேல் வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்ப்பார்கள். ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் இதை விவரமாக எழுதி வைத்திருக்கிறார். அந்த நீர்வழி ஓர் ஆற்றைக் கடக்கும் இடம்தான் பெயர்பெற்ற போன் டு கார். மூன்றடுக்கு வளைவுப் பாலம், உயரம் 49 மீட்டர்.

பள்ளத்தாக்கு குறுக்கிட்டால் பாலம் ஒன்றுதான் வழி என்றும் இல்லை. இன்றைய துருக்கியில் இருக்கும் பெர்கமோன் நகரம் ஒரு குன்றின் உச்சியில் இருந்தது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே மூடிய குழாய் ஒன்றைப் பள்ளத்துக்குள் இறக்கி மறுபக்கம் ஏற்றினார்கள். பள்ளத்தின் அடியில் குழாய் தாங்க வேண்டிய நீரழுத்தம் ஏறக்குறைய 200 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். இன்றைக்கும் அது சாதாரண வேலை இல்லை.

ரோமானிய நீர்வழி என்றால் அந்த வளைவுப் பாலங்கள்தானே?

படங்களில் அவைதான் வருகின்றன. உண்மையில் பெரும்பகுதி மண்ணுக்கடியில்தான் ஓடியது. ரோமின் முதல் நீர்வழியான அக்வா ஆப்பியா, கி.மு. 312-இல் ஆப்பியஸ் கிளாடியஸ் கட்டியது. சுமார் 16 கி.மீ. நீளம், ஏறக்குறைய முழுவதும் தரைக்கடியில். வெயில் படாது, இலை விழாது, எதிரி கண்ணிலும் படாது. கி.பி. 226 வாக்கில் அந்த நகரத்துக்கு 11 நீர்வழிகள் இருந்தன.

தெருவில் இருந்த மக்களுக்கு அது எப்படிக் கிடைத்தது?

இதற்கு இத்தாலியில் இருக்கும் பழைய ரோமானிய நகரமான பாம்பேயைவிட (Pompeii) நல்ல சாட்சி இல்லை. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை அதைச் சாம்பலில் மூடியதால், தெருவோடு தெருவாக அப்படியே கிடைத்தது.

நகரத்தின் மேட்டில், வெசுவியஸ் வாசல் அருகே, நீர்வழி ஒரு பங்கீட்டுக் கட்டடத்துக்குள் வந்து சேரும். அங்கிருந்து ஈயக் குழாய்கள் பிரியும். நேராகக் கீழே விட்டால் சரிவில் அழுத்தம் கூடிக் குழாய் வெடித்துவிடும். அதனால் தெருமுனைகளில் ஏறக்குறைய 6 மீட்டர் உயரத்துக்குத் தூண்கள் கட்டி, உச்சியில் ஒரு ஈயத்தொட்டி வைத்தார்கள். தண்ணீர் ஒவ்வொரு தூணிலும் ஏறி, தொட்டியில் அடங்கி, மறுபடி இறங்கும். இன்று மாடியில் வைக்கும் தொட்டி செய்யும் வேலையேதான்.

அந்தத் தூண்களின் பக்கத்தில் தெரு ஊற்றுகள், சுமார் 40. நான்கைந்து எரிமலைக்கல் பலகைகளை இரும்புப் பட்டையால் இணைத்து, இணைப்பில் ஈயம் ஊற்றிய தொட்டி. பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் ஒரு கல். அதில் செதுக்கிய முகம். முகத்தின் வாயில் குழாய். ஓர் ஊற்றில் செதுக்கிய பெண் உருவத்தை வளத்தின் தேவதை என்று நினைத்துத்தான், தோண்டியவர்கள் அந்தத் தெருவுக்கே ‘செழிப்புத் தெரு’ என்று பெயர் வைத்தார்கள்.

தொட்டியின் விளிம்பைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். வாய்க்கு இரு பக்கமும் கல் வழுவழுவென்று குழிந்திருக்கும். குனிந்து குடிப்பவர் ஒரு கையை ஊன்றும் இடம் அது. எரிமலைக்கல் லேசில் தேயாது. எத்தனை உள்ளங்கைகள் பட்டிருந்தால் அது குழியும்! பேரரசர்களின் கல்வெட்டு எதுவும் என்னை இந்தக் குழி அளவுக்குத் தொட்டதில்லை.

மூடுவதற்குக் குழாய்த் திருகே இல்லையா? வீணாகாதா?

திருகு இருந்தது, வெண்கலத்தில் நல்ல திருகுகள் பாம்பேயிலேயே கிடைத்திருக்கின்றன. ஆனால் பொது ஊற்றுகளை மூடுவதில்லை, இரவும் பகலும் ஓடும். வழிந்த தண்ணீர் தெருவையும் சாக்கடையையும் கழுவிக்கொண்டு போகும். கி.பி. 97-இல் ரோமின் நீர்வழிகளுக்குப் பொறுப்பாளராக வந்த ஃப்ரான்டினஸ், இந்த வழிநீர் நகரத்தின் சுகாதாரத்துக்குத் தேவை என்றே எழுதுகிறார். அதே கையோடு தண்ணீர்த் திருட்டைப் பற்றியும் எழுதுகிறார்: நடைபாதைக்கு அடியில் ரகசியக் குழாய்கள், அனுமதித்த அளவைவிடப் பெரிய வாய்கள், காசு வாங்கிக்கொண்டு கண்ணை மூடும் பணியாளர்கள். அளவு மாறாமல் இருக்க முத்திரை குத்திய வெண்கல வாய்களைத்தான் பொருத்த வேண்டும் என்பது விதி.

ரோமில் இன்றும் அந்தப் பழக்கம் தொடர்கிறது. 1870-களில் வந்த ‘நசோனி’ என்ற இரும்பு ஊற்றுகள் தெருத்தெருவாக ஓயாமல் ஓடுகின்றன. வளைந்த குழாயின் மேல் ஒரு சின்னத் துளை இருக்கும். வாயை விரலால் அடைத்தால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் வளைந்து எழும்பும், குனியாமல் குடிக்கலாம்.

ஏன் எங்கே பார்த்தாலும் சிங்க முகம்?

நைல் நதியில் வெள்ளம் வருவது சூரியன் சிம்ம ராசியில் இருக்கும் நாட்களில், அதனால்தான் எகிப்தியர் சிங்கத்தைப் போற்றிக் கோயில் வாசல்களில் வாய் திறந்த சிங்கத் தலைகளை வைத்தார்கள் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். எகிப்தியக் கோயில்களின் கூரைநீர் வடியும் தூம்புகளிலும், கிரேக்கக் கோயில்களின் கூரை ஓரங்களிலும் சிங்க முகம் உண்டு.

எனக்கு இதில் ஒரு வேலைக்காரணமும் தெரிகிறது. சிங்கத்தின் முகவாய் சுவரை விட்டு நன்றாக முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் சுவரை ஒட்டி வழியாமல் தள்ளி விழும். நீங்கள் எந்த முகத்தை வாங்கினாலும், எந்த வாயைப் பொருத்தினாலும், இதை மட்டும் பாருங்கள்: உதடு நீண்டிருக்கிறதா? அதன் அடியில் ஒரு சின்னக் காடி வெட்டியிருக்கிறதா? காடி இல்லாவிட்டால், ஓட்டம் குறையும்போது தண்ணீர் உதட்டின் அடிப்பக்கம் தவழ்ந்து சுவருக்கே திரும்பும்.

ஈயக் குழாயால்தான் ரோம் அழிந்தது என்கிறார்களே?

ஈயம் கெடுதல் என்று அவர்களுக்கே தெரியும். ஈயம் உருக்கும் தொழிலாளிகளின் வெளிறிய முகத்தைச் சுட்டிக்காட்டி, குடிநீருக்குச் சுடுமண் குழாயே நல்லது என்று விட்ருவியஸ் எழுதினார். ஆனால் பேரரசின் வீழ்ச்சிக்கு அதைக் காரணமாக்குவது மிகை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்ததால் ஈயத்தோடு அது கிடந்த நேரம் குறைவு. சுண்ணாம்புப் படிவும் குழாயின் உள்பக்கம் பூச்சுப்போல மூடியது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, அன்றைய ரோமின் குழாய்த் தண்ணீரில் உள்ளூர் ஊற்றுநீரைவிட 100 மடங்கு ஈயம் இருந்ததாகக் கணக்கிட்டது; ஆனாலும் ஊரையே அழிக்கும் அளவு அது இல்லை என்பதே அந்த ஆய்வாளர்களின் முடிவு. ஈயத்துக்கு லத்தீனில் ‘பிளம்பம்’. பிளம்பர் என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான்.

ரோமர்கள்தான் எல்லாவற்றையும் கண்டுபிடித்தார்களா?

இல்லவே இல்லை. கிரீட் தீவின் நோசோஸ் அரண்மனையில், ஒன்றுக்குள் ஒன்று செருகும் கூம்பு வடிவச் சுடுமண் குழாய்கள் ரோமுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தன. மொகஞ்சதாரோவில் செங்கல் கிணறுகள் நூற்றுக்கணக்கில். அசீரிய மன்னன் செனகெரிப் கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்வானில் கட்டிய கல் நீர்ப்பாலத்துக்கு இருபது லட்சம் கற்களுக்கு மேல் ஆனது. பாரசீகத்தில் மலையடிவாரத்து நிலத்தடி நீரை மெல்லிய வாட்டத்தில் சுரங்கமாகக் கொண்டுவரும் ‘கனாத்’ முறை இன்றும் உயிரோடு இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது சாமோஸ் தீவு. கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் யூபலினோஸ் என்ற பொறியாளர் ஒரு மலையை இரு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் குடைந்தார். 1,036 மீட்டர். இரு குழுவும் நடுவில் சந்தித்தன.

ரோமில் இருக்கும் ட்ரெவி நீரூற்றும் சுவர் நீரூற்றுதானா?

ஆமாம், உலகத்தின் மிகப் பெயர்பெற்ற சுவர் நீரூற்று அதுதான். ‘பலாட்ஸோ போலி’ (Palazzo Poli) என்ற அரண்மனையின் ஒரு பக்கச் சுவர்தான் அதன் முதுகு. அதற்குத் தண்ணீர் கொண்டுவந்தது, கி.மு. 19-இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா கட்டிய அக்வா விர்கோ என்ற நீர்வழி. கி.பி. 537-இல் கோத் படை ரோமை முற்றுகையிட்டு நீர்வழிகளை வெட்டியது. பெரும்பகுதி மண்ணுக்கடியில் இருந்ததால் விர்கோ பிழைத்தது. 1453-இல் போப் ஐந்தாம் நிக்கோலஸ் அதைப் பழுதுபார்த்தார். நாம் இன்று பார்க்கும் முகப்பு நிக்கோலா சால்வியின் வடிவமைப்பு. வேலை 1762-இல்தான் முடிந்தது, அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

சரி, தெருவிலிருந்து தோட்டத்துக்குள் எப்போது வந்தது?

பாம்பேயின் வசதியான வீடுகளிலேயே வந்துவிட்டது. தோட்டத்தின் கடைக்கோடிச் சுவரில் ஒரு மாடம், உள்ளே வண்ணக் கண்ணாடிச் சில்லுகள், ஓரமெல்லாம் சிப்பி. வாசலில் நிற்பவர் கண்ணுக்கு நேராகத் தெரியும்படி வைப்பார்கள்.

பிறகு இஸ்லாமிய உலகம் இதைத் தன் வழியில் அழகாக்கியது. மொராக்கோவின் ஃபெஸ் நகரில் சுவர் முழுக்க வண்ண ஓட்டுச் சில்லுகள் பதித்த ஊற்றுகள் உண்டு. ஒட்டோமானியச் சுவர் ஊற்றில் குழாய் பொருத்திய செதுக்குக் கல்லுக்குக் ‘கண்ணாடிக் கல்’ என்று பெயர்.

இத்தாலியின் திவோலியில், 1550-க்குப் பின் கர்தினால் இப்போலிட்டோ எஸ்தேக்காகக் கட்டிய தோட்டத்தில் ‘நூறு ஊற்றுகள்’ என்று ஒரு நீளமான சுவர் இருக்கிறது. மூன்று வரிசையில் வாய்கள், மேலெல்லாம் பாசியும் பெரணியும். அந்தத் தோட்டம் முழுவதும் ஆற்றிலிருந்து வந்த தண்ணீரின் இறக்கத்தால் மட்டுமே ஓடியது. பிரான்ஸ் அரசரின் வெர்சாய் அரண்மனையில் நிலைமை நேர்மாறு. ஆறு கீழே, அரண்மனை மேலே. 1684-இல் மார்லியில் 14 சக்கரங்களும் இருநூறுக்கு மேற்பட்ட பம்புகளும் கொண்ட பெரும் இயந்திரம் வைத்தும் தண்ணீர் போதவில்லை. அரசர் எந்தப் பக்கம் நடக்கிறாரோ அந்தப் பக்க ஊற்றை மட்டும் திறக்க, ஊற்றுக்காரர்கள் விசில் அடித்துச் சேதி சொன்னார்கள்.

என் தோட்டத்துக்கு என்ன பம்ப் வாங்குவது?

இப்போது நம்மிடம் மலை ஊற்று இல்லை. கீழ்த்தொட்டியின் தண்ணீரையே மேலே ஏற்றி மறுபடி விழவிடுகிறோம். நீர்மட்டத்திலிருந்து வாய்வரை எத்தனை உயரம் என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். அப்புறம்தான் கடை.

பெட்டியில் ‘அதிகபட்ச உயரம் 1.5 மீட்டர்’ என்று போட்டிருந்தால், 1.5 மீட்டரில் தண்ணீர் வரும் என்று அர்த்தமில்லை. அந்த உயரத்தில் ஓட்டம் பூஜ்யம். பெரிதாக அச்சடித்திருக்கும் ‘மணிக்கு 1,000 லிட்டர்’ என்பது ஏற்றமே இல்லாதபோது கிடைக்கும் ஓட்டம். உங்கள் வாய் 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தால், அதிகபட்சம் 2.5 மீட்டர் போட்டிருக்கும் பம்பாக வாங்குங்கள். கூடுதலாக இருந்தால் குறைத்துக்கொள்ளலாம். குறைவாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு சிறு வாய்க்கு மணிக்கு 300 முதல் 600 லிட்டர் போதும். கண்ணாடித் தகடுபோல அகலமாக விழ வேண்டுமானால் ஒவ்வொரு செ.மீ. அகலத்துக்கும் மணிக்கு 150 லிட்டர் என்று தோராயமாகக் கணக்கு வையுங்கள்.

எந்தச் சுவரும் தாங்குமா?

தொங்கவிடும் வகையாக இருந்தால் எடையைக் கூட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 40 லிட்டர் தொட்டி, கல்லோடு சேர்ந்து நூறு கிலோவைத் தாண்டிவிடும். அதற்குத் தொட்டியைத் தரையில் நிறுத்துவதே நிம்மதி.

எடையைவிட நான் பயப்படுவது ஓதத்துக்கு. என் முதல் ஊற்றை வீட்டுச் சுவரிலேயே நேராகப் பதித்தேன். மூன்றாம் மாதம் அறைக்குள், சரியாக அதே உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் பொங்கி உதிர்ந்தது. தொட்டுப் பார்த்தால் சில்லென்று ஈரம். எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு, சுவருக்கு முன்னால் இரண்டு விரல் இடைவெளி விட்டுத் தனியாக ஒரு கல் பலகை நிறுத்தி, அதில் ஊற்றை வைத்தேன். இடைவெளிதான் காப்பாற்றுகிறது. வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு பூசுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

சத்தம் அதிகமாக இருக்கிறது, குறைக்க முடியுமா?

நீரோசை தண்ணீர் மோதுவதால் வருவதைவிட, அப்போது உள்ளே சிக்கும் காற்றுக் குமிழிகள் அதிர்வதால் வருவது. 1933-இல் மின்னார்ட் என்ற பெல்ஜிய விஞ்ஞானி, குமிழி பெரிதானால் ஓசை தாழும், சிறிதானால் உயரும் என்று கணக்கோடு காட்டினார். எரிச்சலான சத்தம் வந்தால் விழும் உயரத்தைக் குறையுங்கள், அல்லது விழும் இடத்தில் நீர்மட்டத்துக்கு மேலே தலைகாட்டும்படி ஒரு கூழாங்கல் வையுங்கள். கல்லை ஒரு விரல் நகர்த்தினாலும் ஓசை மாறும். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து நகர்த்திப் பாருங்கள், நேரம் வீண் போகாது.

தண்ணீர் வெளியே தெறித்துத் தரை எப்போதும் ஈரமாக இருக்கிறதே?

தொட்டி ஒடுக்கம். விழும் உயரத்தில் பாதியளவாவது, தண்ணீர் விழும் இடத்திலிருந்து முன்னால் தொட்டி நீண்டிருக்க வேண்டும். காற்று வீசும் இடமானால் இன்னும் அதிகம்.

பாசி, கொசு, வெள்ளைக் கறை?

கொசு தேங்கிய தண்ணீரைத்தான் தேடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும், ஆகவே ஊற்றை நிறுத்திவிட்டு ஊருக்குப் போவதானால் தொட்டியைக் காலி செய்துவிடுங்கள். பாசிக்கு வெயில்தான் காரணம். நிழலான சுவரைத் தேர்ந்தால் பாதி வேலை மிச்சம்.

வெள்ளைக் கறை தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு. நீமின் நீர்வழியில் இதே சுண்ணாம்பு சில இடங்களில் அரை மீட்டர் தடிமனை நெருங்கி வாய்க்காலையே ஒடுக்கிவிட்டது. பம்பைக் கழற்றி வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்தால் கரைந்துவிடும். பளிங்குக் கல்லிலும் சுண்ணாம்புக் கல்லிலும் வினிகர் படவே கூடாது, கல்லையே தின்றுவிடும். பம்பின் முன்மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் சின்ன விசிறியையும் வெளியே எடுங்கள். ஓட்டம் குறைந்துபோன பம்புகளில் நான் பெரும்பாலும் பார்த்தது அதில் சுற்றிய ஒரு முடியோ இலைக்காம்போதான்.

அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?

கூடாது. பழைய ஊற்றில் புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. இதில் ஒரே தண்ணீர் சுற்றிச் சுற்றி வருகிறது.

மின்சாரம் ஆபத்தில்லையா?

கவனமாக இருந்தால் இல்லை. வெளியிடத்துக்கு ஏற்ற மூடிய சாக்கெட், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இரண்டும் கட்டாயம். தண்ணீருக்குள் கை விடுமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். முடிந்தால் 12 வோல்ட் பம்ப் வாங்குங்கள். தண்ணீர் வற்றினாலும் பம்ப் எரிந்துபோகும், மட்டத்தைத் தினமும் ஒரு பார்வை பாருங்கள்.

மோட்டாரே இல்லாமல், பழைய முறையில் ஓட்ட முடியுமா?

முடியும், உயரத்தில் ஒரு தொட்டி இருந்தால். எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி. நிமிடத்துக்கு 3 லிட்டர் விழும் மெல்லிய வாய்க்கு 500 லிட்டர் தொட்டி மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். விழுந்த தண்ணீரைச் செடிகளுக்குப் பிரித்துவிடுங்கள். எப்படியும் பாய்ச்ச வேண்டிய தண்ணீர், போகிற வழியில் சிங்கத்தின் வாய் வழியாகப் போகட்டும்.